ஆறாம் நம்பர் மஞ்சள்

சுப்பையன் ஒரு தாளைப் பார்த்து "சேருது" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எங்கள் பிரஸ்ஸில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். முதலாளி மயில்சாமியே திறக்க மாட்டார். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில், இரண்டு டிஜிட்டல் மிஷினும் ஒரு கட்டிங் மிஷினும் உள்ள பிரஸ் எங்களுடையது. அந்தக் கட்டிங் மிஷின்காரன் நான். பெயர் அறிவு. பெயரில் மட்டும்தான் அது இருக்கிறது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். இதை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களும் அதையேதான் சொல்லப் போகிறீர்கள்.

சுப்பையன் மோகனூர்க்காரர். அப்பா கரும்புக்காடு வைத்திருந்தார். அண்ணன்மார் இரண்டு பேரும் காட்டோடு நின்றுவிட, இவர் மட்டும் பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்குத் தாள் அடுக்கப் போனார். அங்கேதான் தெரிந்தது, இவர் கண் லேசுப்பட்ட கண் இல்லை என்று. கல்யாணப் பத்திரிகையில் பார்ட்டி வாழையிலைப் பச்சை கேட்டிருப்பார். மிஷின்காரர் அடித்து நீட்டுவார். பத்தடி தள்ளி நின்றே, "இது சங்ககிரி லாரிக்கு அடிக்கிற பச்சைங்க, எலை இப்படியா இருக்கும்?" என்பார் சுப்பையன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். தாள் அடுக்க வந்தவரை ஒரே வருஷத்தில் தாள் பார்க்க உட்கார வைத்துவிட்டார்கள். முப்பத்தாறு வருஷம் அந்த ஒரே வேலை. மயில்சாமி டிஜிட்டல் பிரஸ் போட்டபோது மிஷினை வாங்குவதற்கு முன்னால் சுப்பையனைத்தான் வாங்கினார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

டிஜிட்டல் என்றால் பொத்தானை அமுக்கியதும் ஆயிரம் தாளும் ஒன்றுபோல வந்து விழும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி! காலையில் மிஷின் சூடேறுவதற்கு முன்னால் ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம். பங்குனி வெயிலில் தாள் காய்ந்து கிடந்தால் ஒரு நிறம், ஐப்பசி ஈரத்தில் இன்னொன்று. டோனர் தீரப் போகும்போது வேறொன்று. இதையெல்லாம் பிடித்துக் கட்டி வைக்கத்தான் சுப்பையன். இருநூறு தாளுக்கு ஒரு தாள் உருவுவார். முதலில் ஓரத்தில் உள்ள சாம்பல் கட்டத்தைப் பார்ப்பார். அது கொஞ்சம் சிவந்தாலும் மிஷினை நிறுத்து. அடுத்து ஆகச் சின்ன எழுத்து. ணகரத்தின் சுழி அடைத்துக்கொண்டிருக்கிறதா, புள்ளி புள்ளியாக நிற்கிறதா. அப்புறம் தாளைச் சாய்த்துப் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் மஞ்சள். மஞ்சளை வெறுங்கண்ணால் பிடிக்க முடியாது, அது வெள்ளைத் தாளோடு ஒளிந்துகொள்ளும் என்பார். அதற்கென்று ஒரு நீலக் கண்ணாடித் தாள் சட்டைப் பையில் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் மஞ்சள் கறுப்பாகத் தெரியும், கூடக் குறைய இருந்தால் மாட்டிக்கொள்ளும். எல்லாம் ஒத்து வந்தால் "சேருது." இல்லாவிட்டால் "சேரல." இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்.

மிஷினை ஓட்டியது தனப்பிரியா. சேலம் அம்மாபேட்டைப் பெண். பிரிண்டிங் டிப்ளமா படித்துவிட்டு இருபத்துமூன்று வயதில் வந்தாள். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மிஷினின் உள்ளே கையை விட்டு மாட்டின தாளை எடுக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும், அடடா! சுப்பையன் எங்கள் பக்கத்து வழக்கப்படி சின்னவர்களை எல்லாம் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அவளையும் அப்படித்தான். "ஏங் கண்ணு, இன்னொரு தாள் எடு கண்ணு" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே எடுப்பாள். தகப்பன் இல்லாத பெண்.

அந்தச் சமயத்தில்தான் கோழித்தீவன மில் ஒன்றின் வேலை வந்தது. எங்கள் ஊரில் முட்டைதான் பிழைப்பு. வாங்குகிறவர் மஞ்சள் கரு இத்தனாம் நம்பர் நிறத்தில் வேண்டும் என்று கேட்பார். அதைப் பார்ப்பதற்கு விசிறி மாதிரி ஒரு அட்டை உண்டு. ஒன்றாம் நம்பர் வெளிறின மஞ்சள், பதினைந்தாம் நம்பர் நல்ல ஆரஞ்சு. பண்ணைக்காரர் முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி, விசிறியைப் பக்கத்தில் பிடித்து எந்த நம்பரோடு சேருகிறது என்று பார்ப்பார். அதை வைத்துத் தீவனத்தைக் கூட்டுவார், குறைப்பார். அந்த அட்டையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் அடித்துத் தர வேண்டும். மில்காரர்கள் ஒரு மூல அட்டை கொடுத்தார்கள். "இதை விட்டு அரை நூல் நகரக் கூடாது" என்றார்கள்.

சுப்பையன் அந்த மூல அட்டையைத் தங்கம்போல வாங்கினார். வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும் என்று கறுப்புத் தாளில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். முதல் தடவை அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார். ஓகே ஆன தாளின் பின்னால் பென்சிலில் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் தடவை மூலத்தை எடுக்கவில்லை. "சும்மா சும்மா வெளிய எடுத்தா கெட்டுப்போயிருமுங்க. போன தடவை ஓகே தாள் இருக்குதுல்ல, அதுக்குச் சேர்த்தாப் போச்சு" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றாவதை இரண்டாவதுக்குச் சேர்த்தார். நான்காவதை மூன்றாவதுக்கு. இப்படியே ஏழு தடவை.

அதற்கு நடுவில் நடந்த சில விஷயங்களை இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. ட்யூப்லைட் மங்கலாக எரிகிறது என்று சுப்பையன் புகார் சொன்னார். மாற்றினோம். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே புகார். மறுபடியும் மாற்றினோம். "ஏண்ணா, சூரியனையே கொண்டாந்து மாட்டட்டுமா?" என்று நான் கேலி செய்தேன். நீலக் கண்ணாடித் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டார். "அழுக்கேறிப் போச்சு, உள்ள ஒண்ணுமே தெரியல" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் அட்டை ஓடும்போது சுப்பையன் ஒன்றே ஒன்று சொல்வார். "மஞ்சள் பத்தல கண்ணு. கொஞ்சம் ஏத்து."

தனப்பிரியா கம்ப்யூட்டரைக் காட்டுவாள். "அண்ணா, மிஷின்ல அளவு சரியா இருக்குண்ணா. இதுக்கு மேல ஏத்தினா ஓவராயிடும்."

"மிஷினுக்குக் கண்ணு இருக்குதா? ஏத்து கண்ணு."

ஏற்றுவாள். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் அடுத்த தடவைக்கு மூலமாகிவிடும்.

ஏழாவது தடவை அட்டை போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, மில்லிலிருந்து ஒருவர் வந்தார். காலை பதினொரு மணி இருக்கும். கையில் ஒரு ட்ரே முட்டை, ஒரு எவர்சில்வர் தட்டு. முதலாளி மேசை மேலேயே முட்டையை உடைத்து ஊற்றினார். முதல் தடவை நாங்கள் அடித்துக் கொடுத்த பழைய அட்டையைப் பக்கத்தில் பிடித்தார். ஆறாம் நம்பரோடு ஒட்டிக்கொண்டது. புது அட்டையைப் பிடித்தார். நாலாம் நம்பரோடு சேர்ந்தது. அடுத்த முட்டை, அதற்கடுத்த முட்டை, எல்லாம் அப்படியே.

"எல்லாப் பண்ணையிலயும் நிறம் பத்தலைன்னு தீவனத்தை மாத்திட்டாங்க. கடைசில பாத்தா முட்டையில குத்தமில்ல, உங்க அட்டையில குத்தம். இதை யாரு பாத்து அனுப்புனது?" என்றார்.

மயில்சாமிக்கு முகம் செத்துவிட்டது. "சுப்பையண்ணா, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். சுப்பையன் வந்து குனிந்து இரண்டு அட்டைகளையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு வித்தியாசம் லேசாகத்தான் தெரிந்திருக்கிறது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் மேசையைச் சுற்றி நின்ற மற்ற எல்லோருக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது என்பதை எங்கள் முகத்திலிருந்து அவர் புரிந்துகொண்டார்.

"நான் பாத்த தாள் சரியா இருந்துச்சுங்க" என்றார்.

"அண்ணன்தான் ஏத்தச் சொன்னாரு சார்" என்றாள் தனப்பிரியா. "ஒவ்வொரு தடவையும் ஏத்தச் சொன்னாரு. மிஷின் அளவு சரின்னு நான் சொன்னேன்."

"கொஞ்சம் ஏத்தச் சொன்னனுங்க, இல்லீங்கல. இவ்வளவு ஏத்தச் சொல்லல. நான் ஓகே பண்ணிட்டுப் போனதுக்கப்புறம் இந்தப் புள்ளதான் இன்னும் ஏத்தி ஓட்டியிருக்கோணும்." இரண்டு கையையும் கண்ணில் வைத்துக்கொண்டார். "என்ற ரெண்டு கண்ணு மேல சத்தியமுங்க. நான் பாத்தது சேந்துச்சு."

எங்கள் பக்கத்தில் பிள்ளை மேல் சத்தியம் செய்பவன் உண்டு, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்பவன் உண்டு. சுப்பையன் கண் மேல் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. தனப்பிரியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்கிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கட்டிங் மேசையின் கால் ஒன்று குட்டை. அதற்கு அண்டை கொடுக்க முதல் தடவை வெட்டின அட்டையின் கழிவுத் துண்டுகளை மடித்து வைத்திருந்தேன். ஏழாவது தடவை வெட்டும்போது புதுத் துண்டு கீழே விழுந்து பழைய துண்டின் பக்கத்தில் கிடந்தது. ஒன்று எலுமிச்சை, ஒன்று மாம்பழம். நான் பார்த்தேன். சுப்பையன் பார்த்த வேலை, நமக்கெதுக்கு வம்பு என்று கூட்டித் தள்ளிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெண் மேசை முன்னால் ஒற்றையாக நிற்கும்போதாவது, "இந்தப் புள்ள சொல்றது நெசம், இது ஒரே நாள்ல ஏறுனதில்ல, மூலத்தை எடுத்துப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. அட, நான் சோற்றைத்தான் தின்கிறேனா!

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரஸ்காரர்கள் வட்டாரம் சின்னது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் 'ஓகே வாங்கிட்டு கலர் மாத்தி ஓட்டுற புள்ள' என்று பேராகிவிட்டது. மில் வேலையும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஒரு வருஷம் கழித்து, மோகனூரில் பட்டப்பகலில் ரோட்டோரம் நின்ற எருமை மேல் வண்டியைக் கொண்டுபோய் விட்டார் சுப்பையன். கையில் சிராய்ப்பு. அவர் மனைவி சௌந்திரம் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போய்க் கண் முகாமில் காட்டினார். இரண்டு கண்ணிலும் புரை. நாலைந்து வருஷமாகவே படிந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழுத்த புரை, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி இருந்திருக்கும், உங்களுக்கே தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் சுப்பையன் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, செவுத்துக்கு நீலம் அடிச்சிருக்கீங்களா?" என்பதாம். நர்ஸ் சிரித்திருக்கிறார். வெள்ளைச் சுவர்தான் அது. சுப்பையன் வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் பார்த்தாராம். அப்புறம் மாற்றிப் பார்த்தாராம். வீடு வருகிற வரைக்கும் இப்படியே ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று சௌந்திரம் சொன்னார்.

ஒரு மாதம் ஓய்வு முடிந்து பிரஸ்ஸுக்கு வந்தார். என்னிடம் சாவி வாங்கி நேராகப் பீரோவுக்குப் போனார். கறுப்புத் தாளைப் பிரித்து மூல அட்டையை எடுத்தார். தான் கையெழுத்துப் போட்ட ஏழு ஓகே தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் பரப்பினார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக மூலத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"சேருது" என்றார் முதல் தாளுக்கு. இரண்டாவதுக்குக் கொஞ்சம் தயங்கினார். மூன்றாவதில் ஆரம்பித்தது. "சேரல. சேரல. சேரல." ஏழாவது தாளை வைத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அறிவு, அந்தப் புள்ள ஒண்ணுமே பண்ணலடா" என்றார்.

எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

முதலாளியிடம் போனார். மில்லுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்ற பிரஸ்காரர்களுக்குச் சொல்லுங்கள், தப்பு என்னுடையது என்றார். மயில்சாமி கெட்ட மனுஷர் இல்லை. கேட்டுக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து கைக்கடக்கமான ஒரு கருவியை எடுத்து வைத்தார். தாள் மேல் வைத்தால் நிறத்தை எண்ணாகச் சொல்லும்.

"இப்ப இதுதானுங்கண்ணா பாக்குது. போனது போச்சு. நாம போயி எங்க கண்ணு சரியில்லைன்னு சொன்னா, மிச்சமிருக்கிற பார்ட்டியும் ஓடிப் போயிருவாங்க. உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். அந்த 'உடம்பைப் பாத்துக்குங்க' என்பதற்கு, இனி வர வேண்டாம் என்று அர்த்தம். சுப்பையனுக்கும் அது புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் பஸ் ஏறிச் சேலம் போனோம். விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் தனப்பிரியா வேலை செய்கிறாள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் இடத்தில் நின்றாள். இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் வந்தாள்.

"கண்ணு, தப்பு என் மேலதான் கண்ணு" என்று மட்டும் சொன்னார் சுப்பையன். நான்தான் புரை, ஆபரேஷன், ஏழு தாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் மேசைக்கால் துண்டைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன். சுப்பையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள். "முதல்ல என்னை மேல மேட்சிங் பிளவுஸ் செக்‌ஷன்லதாண்ணா போட்டாங்க. சேலையைக் கொண்டாந்து இதுக்குச் சேருற துணி எடுன்னு கேப்பாங்க. என்னால சொல்ல முடியல. கையில ரெண்டையும் வெச்சுக்கிட்டு நிப்பேன். பக்கத்துல இருக்கற அக்காகிட்ட, சேருதா பாருக்கான்னு கேப்பேன். தினமும் கேட்டா யாரு வெச்சுப்பாங்க? அதான் கீழ பை வாங்க விட்டுட்டாங்க."

"ஏன் சாமி, உன்ற கண்ணுக்கு என்ன?" என்றார் சுப்பையன்.

"நீங்க கண்ணு மேல சத்தியம் பண்ணீங்களேண்ணா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அப்ப என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன். டாக்டர்கிட்டகூடப் போனேன். ஒண்ணுமில்லைன்னாரு. அவரையும் நம்ப முடியல."

"உன்ற கண்ணு சரியாத்தான் இருந்துச்சு. மொதலாளி கேக்கலைன்னா போகட்டும், நான் ஒவ்வொரு பிரஸ்ஸா ஏறிச் சொல்றேன். நீ திரும்ப வா கண்ணு."

"வேண்டாங்கண்ணா. இனிமே ஒரு தாளைக் கையில எடுத்தா எனக்கு நடுங்கும்." படியேறப் போனவள் நின்றாள். "இன்னொண்ணு. என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுப்பையன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துவிட்டார், நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். நியாயம்தான்.

ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள், பொய்ச் சத்தியம் கண்ணைக் கேட்டுவிட்டது என்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷன் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்த அன்றைக்கே அந்தக் கண் போய்விட்டிருந்தது. கையில் இல்லாத பொருளின் மேல் சத்தியம் செய்திருக்கிறார், அவ்வளவுதான். இருந்தும் அந்தப் பெண்ணுக்கு என்ன மிச்சம்?

இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். சுப்பையன் போகவில்லை. மறு தேதி வாங்கினார்கள். அதற்கும் போகவில்லை. "நீங்களாவது வந்து சொல்லுங்க, ஊட்டுல என்ற பேச்சு எடுபடல" என்று சௌந்திரம் போன் செய்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஏழு ஓகே தாள்கள். மூல அட்டையும் இருந்தது, பிரஸ்ஸில் அதை யாரும் தேடவில்லை போலும். எனக்கு உள்ளே பொங்கியது. "ஏண்ணா, கிறுக்குப் புடிச்சுப் போச்சா உங்களுக்கு? அந்தக் கண்ணும் அவிஞ்சு போகோணுமா? எந்திரிங்க, இன்னைக்கே போலாம்" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. பார்வை தெளிந்த வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மங்கின இடது கண்ணால் ஏழாவது தாளையும் மூல அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். எங்கள் பிரஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தாள் பார்ப்பாரே, அதே மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"இது ஒண்ணு இருக்கட்டும் அறிவு. இந்தக் கண்ணுல மட்டும்தான் எல்லாம் சேருது."